பளிச்சத்தை வீட்டுத் தரை

எங்கள் ஒற்றை அறை வீட்டு வரிசையில் தரை என்று சொல்லிக்கொள்ளும்படியான தரை ஒரே ஒரு வீட்டில்தான் இருந்தது. மற்ற வீடுகளில் இருந்தது சிமெண்ட். அதில் பாதி பெயர்ந்திருக்கும், மீதி பெயரக் காத்திருக்கும். எனக்கு அடுத்த அறைக்காரர் டைல்ஸ் ஒட்டுகிறவர். பெரிய வீடுகளில் வேலை முடிந்ததும் மிச்சம் விழுகிற உடைந்த துண்டுகளைச் சாக்கில் கட்டி எடுத்து வருவார். பச்சை, வெள்ளை, காப்பி நிறம், பூப்போட்டது, கோடு போட்டது என்று ஒரு துண்டுக்கும் இன்னொரு துண்டுக்கும் ஒட்டும் இருக்காது உறவும் இருக்காது. கல்யாணமான புதிதில் அதையெல்லாம் பொறுக்கிச் சேர்த்துத் தன் ஒற்றை அறைக்கு ஒரு தரை போட்டார். ஊரிலுள்ள பணக்காரக் குளியலறைகள் எல்லாம் அந்த அறையில் கொஞ்சம் கொஞ்சம் இருந்தன. முடிந்த அன்று வரிசையே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தது.

போட்டது அவர்தான் என்றாலும் அதைத் தரையாக வைத்திருந்தது அவருடைய அக்கா. கல்யாணமாகிச் சில வருஷத்திலேயே புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, குழந்தை குட்டி இல்லாமல் தம்பியிடம் வந்து சேர்ந்தவள். தம்பி மகளுக்கு அத்தை என்பதால் வரிசைக்கே அத்தை ஆனாள். கை பட்ட இடமெல்லாம் பளிச்சென்று ஆகிவிடுவதால் பளிச்சத்தை ஆனாள். அவள் தேய்த்த பாத்திரத்தில் முகம் பார்த்துச் சவரம் செய்யலாம். வரிசையின் கடைசியில் எல்லோருக்கும் பொதுவாக இருக்கிற கழிப்பறையைக்கூட அவள்தான் தேய்த்துவைப்பாள். யாராவது சரியாகத் தண்ணீர் ஊற்றாமல் வந்துவிட்டால் அன்றைக்கு அவர்கள் கதை கந்தல்தான்.

நான் மின்விசிறி மோட்டார்களுக்குக் கம்பிச்சுருள், அதாவது காயில், சுற்றுகிறவன். வேலை வீட்டு வாசலிலேயே. கையும் கண்ணும் செம்புக் கம்பியோடு போய்விடும், காது மட்டும் சும்மா இருக்கும். நடுவில் இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர். அங்கே தும்மினால் இங்கே என் வீட்டுக்காரி "என்னாச்சு?" என்பாள். அதனால் அந்த வீட்டு விஷயம் எனக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. தெரியாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

டைல்ஸ்காரரின் மனைவி சட்டை தைக்கிற பட்டறையில் காலர் தைப்பவள். ஒருத்தி கை தைப்பாள், ஒருத்தி பை தைப்பாள், இவளுக்கு வாழ்க்கை முழுக்கக் காலர். காலையில் விடிந்தும் விடியாமலும் போனால் தெருவிளக்கு எரிந்த பிறகுதான் வருவாள். அவள் பெற்ற பெண் பகல் முழுக்க அத்தையின் இடுப்பில்தான். அந்தப் பெண்ணுக்கு வரிசை வைத்த பேர் நண்டு. ஒரு காலை மடக்கிக்கொண்டு பக்கவாட்டில்தான் தவழும். அதற்குப் பிறகு பிறந்த குழந்தைகள் எல்லாம் நடந்து, விழுந்து, பல்லை உடைத்துக்கொண்டுவிட்டன. நண்டு மட்டும் இன்னும் அந்த டைல்ஸ் தரையில் பக்கவாட்டில் ஊர்ந்துகொண்டிருந்தது. நடக்க உடம்பில் தெம்பு வேண்டுமே. கொஞ்சம் தேறும், உடனே வயிற்றால் போகும். கண் குழிவிழும், உதடு காயும். திரும்பக் கொஞ்சம் தேறும், திரும்பப் போகும்.

இத்தனைக்கும் அந்த வரிசையிலேயே அவ்வளவு சுத்தமாக வளர்கிற குழந்தை கிடையாது. எதிர் டீக்கடைக்காரியின் மகன் குண்டு, மண்ணைத் தின்பான், நாயோடு உருள்வான், பன்னைக் கீழே போட்டுவிட்டு எடுத்துத் தின்பான். அவன் தொடையைப் பார்த்தால் கிள்ளத் தோன்றும். கடையில் கூட்டமாக இருந்தால் டீக்கடைக்காரி அவனையும் கொண்டுவந்து பளிச்சத்தையிடம் விட்டுவிட்டுப் போவாள். இரண்டும் அந்தத் தரையில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும்.

எங்களுக்குக் குழாயில் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான். அதுவும் காலையில் கொஞ்ச நேரம். டிரம்மில் பிடித்துவைப்பதை வைத்துத்தான் எல்லாம். அதனால் தண்ணீரைச் சிக்கனமாகப் புழங்குகிறவளுக்கு எங்கள் வரிசையில் தனி மரியாதை உண்டு. அதிலும் பளிச்சத்தையை மிஞ்ச ஆளில்லை.

"நாலு வேலை பாக்காத தண்ணிய நான் கீழ ஊத்த மாட்டேன்" என்பாள். சொன்னபடியே செய்வாள். அரிசி, காய் கழுவிய தண்ணீர் வாளிக்குப் போகும். அந்த வாளியில் குழந்தைத் துணிகளை ஊறவைத்துச் சோப்புப் போட்டுக் கசக்குவாள். அந்தச் சோப்புத் தண்ணீரில் தரையைத் துடைப்பாள். துடைத்து மிஞ்சியது கழிப்பறைக்குப் போகும். பெரியவர்கள் துணியை அந்த வாளிப் பக்கமே விடமாட்டாள். தம்பி வேலை முடிந்து வந்து கால் கழுவாமல் ஓர் அடி வைத்தால் வீடு இரண்டாகிவிடும்.

ஒருமுறை என் வீட்டுக்காரி கேட்டேவிட்டாள். "புள்ளத் துணி கசக்கின தண்ணியா அத்தை தரைக்கு?"

"பச்சப் புள்ளதானடி. அது தின்னது பாலும் கஞ்சியும். அதுல என்ன அசிங்கம்? சோப்பு எப்படி நுரைக்குது பாரு. இதைக் கொண்டுபோய்க் கொட்டச் சொல்றியா?"

என் வீட்டுக்காரியும் ஆமாம் என்றாள். நானும் உள்ளுக்குள் ஆமாம் என்றுதான் சொல்லிக்கொண்டேன். வரிசையில் யாரைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள்.

மழைக்காலம் தொடங்கியபோது நண்டுக்கு மறுபடி வந்தது. இந்தத் தடவை அழக்கூடத் தெம்பில்லை. காலர்காரி பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனாள். துணைக்கு என் வீட்டுக்காரி போனாள். நர்சம்மா குழந்தையைத் துணித்தொட்டிலில் வைத்துத் தராசில் தொங்கவிட்டுப் பார்த்து, முகத்தைச் சுளித்தாராம்.

"போன தடவைக்கு இந்தத் தடவை இறங்கியிருக்கேம்மா. தண்ணி காய்ச்சித்தான குடுக்கறீங்க?"

"கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சி, மூடி வெச்சிருப்பாங்க எங்க அண்ணி, அவரோட அக்கா."

"வீடு, வாசல் சுத்தமா இருக்கா?"

என் வீட்டுக்காரி சிரித்துவிட்டாளாம். "அவங்க வீட்டுத் தரையில சோறு போட்டுச் சாப்பிடலாம் மேடம்."

"அப்படின்னா ஏன் இப்படி?" நர்சம்மாவுக்கும் பிடிபடவில்லை. வெளியே கூட்டம் காத்திருந்தது. உப்புச் சர்க்கரைப் பொட்டலங்களைக் கையில் கொடுத்து, "இப்படியே எடை இறங்கிக்கிட்டுப் போச்சுன்னா இந்த உடம்பு தாங்காதும்மா. அடுத்த தடவை வந்தா தாமதிக்காம சேர்த்துடணும்" என்றார்.

தாங்காது என்ற சொல்லைக் காலர்காரி வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தாளாம். வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னாள். அத்தை வாளியை எடுத்தாள். "சுத்தம் பத்தலைங்கறாங்களா? இனிமே ரெண்டு வேளை துடைக்கறேன். பாத்துடலாம்" என்றாள்.

குழந்தைக்கு அதிகமாகப் போனது. அதனால் துணி அதிகம். துணி அதிகமானதால் சோப்புத் தண்ணீரும் அதிகம். அந்த நாட்களில் அவர்கள் வீட்டுத் தரை மின்னியதைப்போல் அதற்கு முன்னும் பின்னும் மின்னியதில்லை.

அந்த மினுமினுப்புத்தான் அவளைக் கீழே தள்ளியது. காலை வேளை. துடைத்த ஈரம் காயவில்லை. அடுப்பில் பால் பொங்குகிற சத்தம் கேட்டு ஓடியவள், பூப்போட்ட துண்டின்மேல் கால் வைத்து வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தாள். அந்தச் சத்தம் சுவர் வழியாகவே எனக்குக் கேட்டது. மணிக்கட்டு. மாவுக்கட்டுப் போட்டு, கழுத்தில் தொங்கவிட்டு அனுப்பினார்கள். கட்டுப் பிரிக்கும்வரை அந்தக் கையில் ஒரு தம்ளரைக்கூடத் தூக்கக் கூடாது என்று உத்தரவு.

காலர்காரிக்கு இனி லீவு கிடையாது. அதனால் பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என் வீட்டுக்காரி தலையில் விழுந்தது.

என் வீட்டுக்காரியைப் பற்றி இங்கே உண்மையைச் சொல்லிவிட வேண்டும். நல்ல மனசு, தங்கமான மனசு. ஆனால் வேலை என்றால் அவளுக்கு உடம்பு தானாகவே சுவரில் சாய்ந்துகொள்ளும். எங்கள் வீட்டு அடுப்பில் பூனை படுத்துத் தூங்கி, குட்டியும் போட்டிருக்கிறது. இவளிடம் நண்டை விட்டதைப் பார்த்து எனக்கே பயமாக இருந்தது.

பளிச்சத்தை கட்டிலில் உட்கார்ந்துகொண்டு கண்கொத்திப் பாம்பாக அவளைக் கவனித்தாள்.

"ஏண்டி, மூலையில பெருக்கலையே."

"பெருக்கிட்டேன் அத்தை."

"நான் பாத்துக்கிட்டுதான இருக்கேன். விளக்கமாறு அந்தப் பக்கம் போகவே இல்ல."

"நாளைக்குப் போகும் அத்தை."

"தரை தொடைச்சு எத்தனை நாளாச்சு? பாரு, என் தம்பி போட்ட பச்சைக்கல்லும் வெள்ளைக்கல்லும் ஒரே நிறமாயிடுச்சு."

"கை சரியானதும் நீங்களே தொடைங்க அத்தை. நான் தொடைச்சா உங்களுக்கு எங்க பிடிக்கப்போகுது?"

இப்படியே இவள் தப்பித்துக்கொண்டிருந்தாள். தரையில் தூசி படிந்தது. டைல்ஸ்காரர் கொண்டுவந்த சிமெண்ட் பொடியும் சேர்ந்தது. பளிச்சத்தைக்கு அதைப் பார்த்துச் சோறு இறங்கவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கால் எட்டிய வரைக்கும் பழைய துணியைக் காலால் தேய்ப்பாள். அதற்குமேல் ஒன்றும் முடியாமல் பெருமூச்சு விடுவாள்.

நண்டு தேறத் தொடங்கியது அப்போதுதான்.

முதலில் யாரும் நம்பவில்லை. வழக்கமாகக் கொஞ்சம் தேறி மறுபடி சரியும் அல்லவா, அப்படித்தான் என்று நினைத்தோம். சரியவில்லை. கஞ்சிக்குக் கை நீட்டியது. கிண்ணம் காலியானதும் கத்தியது. அந்தத் தொண்டையில் அவ்வளவு சத்தம் இருக்கிறது என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. கன்னத்தில் சதை வந்தது. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, எல்லோரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தொப்பென்று உட்கார்ந்தது. நர்சம்மா தராசில் வைத்துப் பார்த்துவிட்டு, "என்னம்மா மருந்து குடுத்தீங்க?" என்று இவர்களையே கேட்டாராம்.

வரிசையே சந்தோஷப்பட்டது. ஆனால் வாய் சும்மா இருக்குமா? ஒருநாள் தண்ணீர் பிடிக்கிற நேரத்தில் டீக்கடைக்காரி குடத்தைக் குழாயடியில் வைத்துக்கொண்டே சொன்னாள்.

"நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. அந்தக் கையில கட்டு விழுந்துச்சு, புள்ள எழுந்து நின்னுடுச்சு. கையில ராசின்னு ஒண்ணு இருக்குல்ல? பெத்து வளர்த்த கை வேற, பெறாத கை வேற."

காலர்காரி அங்கேதான் நின்றாள். குடம் நிறைந்து வழிந்ததுகூடத் தெரியாமல் நின்றாள். பளிச்சத்தை ஜன்னலுக்குப் பின்னால் நின்றது அப்போது யாருக்கும் தெரியாது. டீக்கடைக்காரியின் மகன் துணியையும் எத்தனை நாள் சேர்த்துக் கசக்கிப்போட்ட கை அது. எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் குழாயடிப் பேச்சில் ஆண்பிள்ளை தலையிட்டால் குழாய் இருக்காது, தலையும் இருக்காது.

அன்றிலிருந்து பளிச்சத்தை குழந்தையைத் தொடுவதில்லை. அது தவழ்ந்து வந்து அவள் காலைக் கட்டிக்கொள்ளும். இடது கை நன்றாகத்தான் இருந்தது. அதையும் மடியிலேயே வைத்துக்கொள்வாள். "அம்மாகிட்ட போ" என்பாள். அது போகாது. அவள் பாதத்திலேயே கன்னத்தை வைத்துக்கொண்டு கிடக்கும்.

பிறகு ஒருநாள் தம்பியிடம் சொன்னாள். "பொண்ணுங்க ஹாஸ்டல்ல பாத்திரம் தேய்க்க ஆள் கேக்கறாங்களாம். தங்க எடமும் உண்டாம். கட்டுப் பிரிச்சதும் போயிடறேன்."

"எதுக்குக்கா?"

"சும்மாதான். இங்க ஒரு அறையில எத்தனை பேரு?"

"இத்தனை நாள் இருந்தோமே."

"இத்தனை நாள் இருந்தோம்ல, போதும்."

டைல்ஸ்காரர் அதிகம் பேசத் தெரியாதவர். மனைவியைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டு, கிழியாத ஒரு துணியைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

கட்டைப் பிரித்த நாள் காலர்காரிக்கு வார விடுமுறை. வெளுத்து மெலிந்துபோன கையோடு மருத்துவமனையிலிருந்து வந்த பளிச்சத்தை, தன் துணிகளைப் பையில் அடுக்கி வாசல் ஓரமாக வைத்தாள். மறுநாள் காலை கிளம்புவதாக ஏற்பாடு. அப்புறம் நேராக எங்கள் வாசலுக்கு வந்து உட்கார்ந்தாள்.

"ஏண்டி, வெளிய வா. ஒண்ணு கேக்கணும்."

என் வீட்டுக்காரிக்கு முகத்தில் ஈயாடவில்லை. செய்யாத வேலைக்கெல்லாம் சேர்த்துக் கணக்குக் கேட்க வந்துவிட்டாள் என்று நினைத்துவிட்டாள்.

"நாளைக்கு நான் போறேன். இத்தனை நாள் புள்ளைக்கு நீ என்னென்ன செஞ்சியோ, ஒண்ணு விடாம சொல்லு. புள்ளையோட அம்மாகிட்ட சொல்லிட்டுப் போறேன். இனிமே அதே மாதிரி செய்யட்டும்."

"நான் என்னத்த அத்தை பெருசா செஞ்சேன்?"

"பெருசா ஒண்ணும் செய்யலன்னு எனக்கும் தெரியும். சின்னதா என்ன செஞ்ச, அதைச் சொல்லு."

"காலையில கஞ்சி குடுத்தேன்."

"எந்தப் பாத்திரத்துல?"

"உங்க பாத்திரம்தான். உங்க அரிசி, உங்க கரண்டி."

"குடிக்கற தண்ணி?"

"நீங்க காய்ச்சச் சொல்லிச் சத்தம் போடுவீங்களே, அதேதான்."

"அதுல மாத்தமில்ல. குளிப்பாட்டினது?"

என் வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள். நான் கம்பியைப் பார்த்தேன். "அது... தினம் இல்ல அத்தை."

"தெரியும். அப்புறம்? பாட்டுப் பாடித் தூங்க வெச்சியா?"

"எனக்கு எங்க பாட்டு வருது?"

"அப்ப அதுவும் இல்ல. துணி?"

"துவைச்சேன்."

"எங்க?"

"கடைசியில, கக்கூஸ்கிட்டயே. டிரம்முலேருந்து மொண்டு எடுத்துட்டுப் போயி, அங்கயே சோப்புப் போட்டு, அங்கயே அலசி, கொடியில போட்டுட்டு வந்துடுவேன்."

"அலசின தண்ணி?"

இவள் எச்சிலை விழுங்கினாள். "கொட்டிட்டேன் அத்தை."

"எங்க கொட்டின?"

"கக்கூஸ்லயேதான். திட்டாதீங்க. அந்தப் பக்கெட்டைத் திரும்ப இங்க வரைக்கும் தூக்கிட்டு வர எனக்கு இடுப்பு ஒத்துக்கல."

"அத்தனை சோப்புத் தண்ணியையுமா?"

"ஆமா."

"அப்ப தரைக்கு?"

"தரைய எங்க அத்தை தொடைச்சேன்? நீங்கதான் தினம் கேட்டுக்கிட்டே இருந்தீங்களே. பெருக்கினதோட சரி."

பளிச்சத்தைக்கும் அது தெரிந்ததுதான். தினமும் கட்டிலில் உட்கார்ந்து பார்த்ததுதான். ஆனால் அதைக் குறை என்று எண்ணினாளே தவிர, அதில்தான் மருந்து இருக்கிறது என்று எண்ணவில்லை. நாங்களும் எண்ணவில்லை.

அவள் தன் வீட்டுப் பக்கம் திரும்பினாள். கதவு திறந்திருந்தது. நண்டு தரையில் உட்கார்ந்து உள்ளங்கையால் பூப்போட்ட துண்டைத் தட்டிக்கொண்டிருந்தது. தட்டிய கையை அப்படியே வாயில் வைத்துச் சப்பியது. மறுபடி தட்டியது, மறுபடி சப்பியது.

"கைய வாயில வெக்காதடி" என்றாள் அத்தை, பழக்கத்தில். சொன்னவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

நான் சுற்றிக்கொண்டிருந்த காயிலில் எண்ணிக்கை விட்டுப்போயிற்று.

"துணி கசக்கறேன்" என்றாள் மெதுவாக, தனக்குத்தானே. "அந்தத் தண்ணியில தரைய தொடைக்கறேன். அந்தத் தரையில இது கைய வெச்சு, வாயில வெக்குது. திரும்பப் போகுது. திரும்பத் துணி. நான் திரும்பத் தொடைக்கறேன். நர்சம்மா சொன்னப்புறம் ரெண்டு வேளை தொடைச்சேன்."

"பச்சப் புள்ளது ஒண்ணும் செய்யாதுன்னு எல்லாரும் சொல்றதுதானே அத்தை" என்றேன் நான்.

"எல்லாரும்னா யாரு?"

யோசித்துப் பார்த்தால் யாருமே சொன்னதாக ஞாபகம் இல்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

"நான்தான்" என்றாள். "டீக்கடைக்காரி சொன்னது சரிதான். என் கைதான்." அந்த வெளுத்த கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை, புருஷன் போனபோதுகூட அழவில்லை என்று தம்பி சொல்லியிருக்கிறார். இப்போது அழுதாள். சத்தமில்லாமல், மூக்கை உறிஞ்சக்கூட மறந்து அழுதாள்.

காலர்காரி எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. பக்கத்தில் வந்து நின்றிருந்தாள்.

"அண்ணி, நான் ஒண்ணு சொல்லணும்."

"சொல்லும்மா. என்ன சொன்னாலும் தகும்."

"குழாயடியில அவ பேசினப்ப நான் வாயத் தொறக்கல. பயந்துக்கிட்டு இல்ல. எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. நீங்க போறேன்னு சொன்னப்ப எனக்கு நிம்மதியா இருந்துச்சு அண்ணி."

"தெரியும்மா."

"தெரியுமா?"

"போகாதீங்கன்னு நீ ஒரு வார்த்தை சொல்லலையே. அதுலயே தெரிஞ்சுடுச்சு."

காலர்காரி அவள் பக்கத்தில், எங்கள் உடைந்த சிமெண்ட் படியில் உட்கார்ந்தாள். அந்த மெலிந்த கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இப்ப சொல்றேன். போகாதீங்க."

"புள்ளைய உசுரு போற அளவுக்குக் கொண்டுபோனவளை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற?"

"கொண்டுபோனது அந்தப் பக்கெட்டுத் தண்ணி. அதைக் கொட்டிட்டா முடிஞ்சுது. உங்களை எதுக்கு அனுப்பணும்? இந்தக் கை இல்லாம அது என்னிக்காவது ஒரு வாய் கஞ்சி குடிச்சிருக்கா? இவங்ககிட்டயும் நீங்க எதிர்ல உக்காந்திருந்தாத்தான் வாயத் தொறந்துச்சாம்."

"அது வாஸ்தவம்" என்றாள் என் வீட்டுக்காரி. தன்னைத் திட்டப்போவதில்லை என்று தெரிந்ததும் அவளுக்குத் தைரியம் வந்துவிட்டது. "அப்ப நான் சோம்பேறியா இருந்ததுதான் நல்லது, இல்லையா அத்தை?"

பளிச்சத்தை அழுகையோடு சிரித்துவிட்டாள். "இதைச் சொல்லிக்கிட்டே காலம் பூரா ஒக்காந்திருப்பா பாரு இவ" என்றாள் என்னிடம். அவள் சொன்னது அப்படியே பலித்தது. இன்றைக்கும் நான் ஏதாவது வேலை சொன்னால் என் வீட்டுக்காரி நண்டைக் கூப்பிட்டுச் சாட்சி சொல்லச் சொல்கிறாள்.

சாயங்காலம் டைல்ஸ்காரர் வந்தார். விஷயத்தைக் கேட்டார். அப்புறம் சாக்கிலிருந்து உளியை எடுத்தார். "தரைய உடைச்சுடட்டுமாக்கா?"

"தரை என்னடா பண்ணுச்சு? அது பாவம், நான் ஊத்தினதை வாங்கிக்கிச்சு. உளியை உள்ள வை."

வாசலில் இருந்த பையை அவரே எடுத்துக் கொண்டுபோய்ப் பரண்மேல் போட்டார்.

அடுத்து குழாயில் தண்ணீர் வந்த நாள், வரிசையே குடங்களோடு நின்றபோது, பளிச்சத்தை குழந்தைத் துணிகளைக் கழிப்பறை பக்கமே கொண்டுபோய்க் கசக்கினாள். நுரை ததும்புகிற வாளியை இரண்டு கையாலும் தூக்கிக் கழிப்பறைக்குள் கவிழ்த்தாள். அப்படி ஒரு வாளித் தண்ணீரை அவள் ஒரே வேலையோடு கொட்டி நாங்கள் பார்த்ததில்லை. வாளியைக் கவிழ்த்துப் பிடித்தபடியே கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் எல்லோருக்கும் கேட்கும்படி டீக்கடைக்காரியைக் கூப்பிட்டாள்.

"ஏம்மா, அன்னிக்கு என் கையப் பத்திச் சொன்னியே."

டீக்கடைக்காரி குடத்துக்குப் பின்னால் ஒளிய இடம் தேடினாள். "நான் ஏதோ பேச்சுக்கு..."

"பாதி சரியாத்தான் சொன்ன. பக்கெட்டு என் கையிலதான் இருந்துச்சு. உன் புள்ளத் துணியும் அதே பக்கெட்டுலதான் இருந்துச்சு. ரெண்டையும் சேத்துத்தான் தரையில பூசினேன். உன் புள்ளைக்குக் கல்லைத் தின்னாலும் செரிக்குது, எங்க புள்ளைக்குச் செரிக்கல. ராசியெல்லாம் ஒண்ணும் இல்ல." சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள். "நீங்களும்தான். உங்க வீட்டுல புள்ள வெளிக்கிப் போனா எங்க போடறீங்க? சாக்கடையில வீசறீங்க, வாசல்ல கழுவி விடறீங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன், பச்சப் புள்ளதுதானேன்னு. இனிமே அதையும் கக்கூஸ்லதான் போடணும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவணும். யாராவது சாக்கடையில வீசறதைப் பாத்தேன், அப்புறம் நான் நல்லவளா இருக்க மாட்டேன்."

அவள் நல்லவளாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும். டீக்கடைக்காரி குடத்தை அப்படியே வைத்துவிட்டு வந்து, அவள் கையிலிருந்த வாளியை வாங்கிச் சுத்தமான தண்ணீர் விட்டுக் கழுவிக் கொடுத்தாள். எங்கள் வரிசையில் மன்னிப்பு என்பது அப்படித்தான்.

அன்றைக்கு மதியம் டிரம்மிலிருந்து புதுத் தண்ணீர் எடுத்து அந்தத் தரையைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்கப் பச்சை பச்சையாகவும் வெள்ளை வெள்ளையாகவும் வந்தது. நர்சம்மாவும் அடுத்த முறை விஷயம் முழுவதையும் கேட்டுவிட்டு, இனி வருகிற எல்லோரிடமும் இதையும் கேட்கிறேன் என்றாராம். பளிச்சத்தை மட்டும் மாறிப்போனாள். குழந்தையைத் தொடுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் வெளியே போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் வருவாள். தேவை இருந்தாலும் கழுவுவாள், இல்லாவிட்டாலும் கழுவுவாள். "தோல் உரிஞ்சுடப் போவுது அண்ணி" என்று காலர்காரி கெஞ்சிப் பார்த்தாள். கேட்கவில்லை. சோப்பு அவளுடைய கையில் எதைத் தேடியது என்று எனக்குப் புரிந்தது. மனசு கேட்காமல் வேலையை நிறுத்திவிட்டு எழுந்து போய்விடுவேன்.

மழை விட்டு வெயில் வந்த ஒரு காலை. காலர்காரி பட்டறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். நண்டு கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றது. பளிச்சத்தை வாசலில் உட்கார்ந்து வழக்கம்போல் கையில் சோப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் எதிரே கம்பியோடு உட்கார்ந்திருந்தேன்.

நண்டு கட்டில் காலை விட்டது.

"அண்ணி!" என்று காலர்காரி உள்ளேயிருந்து கத்தினாள்.

பளிச்சத்தை திரும்பினாள். பூப்போட்ட துண்டு, காப்பித் துண்டு, பச்சைத் துண்டு என்று ஒவ்வொன்றாக மிதித்துக்கொண்டு, இரண்டு கையையும் முன்னால் நீட்டியபடி அது நேராக வந்துகொண்டிருந்தது. பக்கவாட்டில் இல்லை, நேராக. பாதி தூரத்தில் ஆடியது. அவள் பதறிக் கையை நீட்டப்போனாள். நுரையைப் பார்த்துவிட்டுப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "இரு, இருடி கண்ணு, கழுவிட்டு வந்துடறேன், கையெல்லாம் சோப்பு" என்றாள்.

அது இருக்கவில்லை. அந்தக் கடைசி அடியையும் வைத்து, நுரையோடு சேர்த்து அவள் வலது கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது.